ஜிம்மிக்கு ஏன் நாலு மாதம்?

போன வருஷம் என் சித்தி குடும்பம் லண்டனுக்குக் குடிபோனது. சித்தப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. மூன்று பேருக்கும் விசா வந்தாயிற்று, பெட்டி கட்டியாயிற்று, தம்பிக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்த்தாயிற்று. கடைசி நேரத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் கிளம்ப முடியாமல் நின்றுவிட்டான். பெயர் ஜிம்மி. வயது ஐந்து. சாதி, நம்ம ஊர் நாட்டு நாய்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஊசி போட்ட தேதிக்கும் சிப் வைத்த தேதிக்கும் ஒரு வாரம் வித்தியாசம். டாக்டர் முதலில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் மைக்ரோசிப் வைத்திருக்கிறார். காகிதங்களைச் சரிபார்த்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சிப் வெச்சதுக்கு அப்புறம் போட்ட ஊசிதாங்க கணக்கு." ஆகவே மறுபடி ஊசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. ஆக மொத்தம் நாலு மாதம். ஜிம்மி எங்கள் வீட்டுக்கு வந்தான். தம்பி ஏர்போர்ட்டில் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

"ஒரு தேதிக்கு நாலு மாசமாடா? மனுஷனுக்குக்கூட இவ்வளவு இல்லையே" என்று சித்தி கேட்டாள். எனக்கும் அப்போது அது வெட்டி அதிகாரமாகத்தான் பட்டது. ஜிம்மி கூடத்தில் படுத்திருந்த அந்த நாலு மாதத்தில் இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். படித்தபிறகு அபிப்பிராயம் மாறிவிட்டது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வாய்ப்பூட்டில் தொடங்கிய கதை

ரேபிஸ் என்பது வந்தபின் காப்பாற்ற முடியாத நோய். அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதனானாலும் நாயானாலும் சாவு கிட்டத்தட்ட நிச்சயம். இன்றைக்கும் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் இறக்கிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு 1885 ஜூலையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார். அதுவரை கடிபட்டவர்களுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதுதான் வைத்தியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தெருக்களிலும் வெறிநாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1890-களின் பின்பாதியில் விவசாயத் துறையின் பொறுப்பில் வால்டர் லாங் என்ற அரசியல்வாதி இருந்தார். நோய் கண்ட மாவட்டங்களில் எல்லா நாய்களுக்கும் வாய்ப்பூட்டு போட வேண்டும் என்று 1897-ல் கட்டாயமாக்கினார். நம் ஊரில் போரடிக்கும் மாட்டுக்குப் போடுவார்களே, அது மாதிரி. நாய்ப் பிரியர்கள் கொதித்துப் போனார்கள். மனுக்கள், கண்டனக் கூட்டங்கள், பத்திரிகையில் வசவு எல்லாம் நடந்தன. மனுஷன் அசையவில்லை.

அதே 1897-ல், வெளிநாட்டிலிருந்து நாய் கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. உள்ளே துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலைத் திறந்து வைப்பானேன் என்பதுதான் யோசனை. 1901 முதல் வெளியிலிருந்து வரும் நாய்க்கு ஆறு மாதத் தனிமைக் காவல், அதாவது குவாரண்டைன், என்றானது. 1902-ல் நாட்டில் ரேபிஸ் இல்லை என்ற நிலை வந்துவிட்டது. நாய்க்குத் தடுப்பூசி போடும் வழக்கம் வருவதற்கு முன்பே இது நடந்தது என்பதுதான் ஆச்சரியம். வாய்ப்பூட்டும் கடலும் சேர்ந்து சாதித்த காரியம்.

அதே காலத்தில் நம் பக்கம் நிலைமை வேறு. வாசலைப் பூட்டிக்கொள்ள நாம் தீவும் இல்லை, தெருநாயைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் இல்லை. எனவே இங்கே கவனம் முழுவதும் கடிபட்ட மனிதர்கள் மேல் போனது. 1900-ல் இமயமலை அடிவாரத்து கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்தது. தெற்கே இருப்பவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். 1907-ல் நம் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய தடுப்பூசிதான், நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் "தொப்புளைச் சுத்தி ஊசி". இந்தியாவில் அது 2005 வரை புழக்கத்தில் இருந்தது.

ஆக ஒரே நோய்க்கு இரண்டு வழிகள். அங்கே நாயைத் தடுத்தார்கள், இங்கே மனிதனுக்கு ஊசி போட்டார்கள். ஜிம்மியின் நாலு மாதம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

போர் வீரன் பையில் வந்த நாய்

பூட்டிய வாசலை முதலில் உடைத்தது அன்புதான் என்று சொன்னால் நம்புவீர்களா?

முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் இருந்த வீரர்கள் பலர் நாய்க்குட்டிகளை வளர்த்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பும்போது விட்டுவர மனமில்லாமல் ரகசியமாகக் கூட்டி வந்தார்கள். 1918-ல் பிளிமத் பகுதியில் ரேபிஸ் மறுபடி தலைகாட்டியது. அப்படிக் கடத்தி வந்த நாயால் வந்தது என்றே நம்பப்படுகிறது. 300-க்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு நோய் கண்டது. ஒழிக்க 1922 வரை ஆனது. பதினாறு வருஷம் சுத்தமாக இருந்த நாட்டில், யாரோ ஒருவரின் பாசத்துக்கு நாலு வருஷ விலை.

அதற்குப் பின் ஆறு மாத விதி கல்லில் எழுதியது போல் ஆகிவிட்டது. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. எவ்வளவு கறார் என்பதற்கு ஜூடியின் கதை போதும்.

ஜூடி 1936-ல் ஷாங்காயில் பிறந்த பாயிண்டர் வகைப் பெண் நாய். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் செல்லமாக இருந்தது. 1942 பிப்ரவரியில் அது இருந்த கப்பலை ஜப்பான் விமானங்கள் தாக்கின. உயிர் தப்பியவர்கள் ஆளில்லாத ஒரு தீவில் தண்ணீரின்றித் தவித்தபோது, மண்ணைத் தோண்டி நல்ல தண்ணீர் காட்டியது ஜூடிதான். பிறகு எல்லோரும் சுமத்ராவில் ஜப்பானியரிடம் கைதானார்கள். அங்கே ஃபிராங்க் வில்லியம்ஸ் என்ற விமானப்படை வீரர் தன் பங்குச் சோற்றை ஜூடியோடு பகிர்ந்துகொண்டார். காவலர்கள் அதைச் சுட்டுவிடக் கூடாது என்று முகாம் அதிகாரியிடம் பேசி, போர்க்கைதியாகவே பதிவு செய்ய வைத்தார். கைதி எண் 81-ஏ. இரண்டாம் உலகப் போரில் அதிகாரப்பூர்வப் போர்க்கைதியான ஒரே நாய் அதுதான்.

1944-ல் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பல் டார்பிடோ தாக்கி மூழ்கியது. வில்லியம்ஸ் ஜூடியைக் கப்பலின் ஜன்னல் வழியே கடலில் தள்ளிக் காப்பாற்றினார். தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு ஜூடி உதவியதைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போர் முடிந்தது. ஊர் திரும்பும் கப்பலில் நாய்க்கு அனுமதி இல்லை. நண்பர்கள் காவலர்களின் கவனத்தைத் திருப்ப, வில்லியம்ஸ் ஜூடியை ஒளித்து ஏற்றிவிட்டார். கப்பல் லிவர்பூல் வந்து சேர்ந்தது. மேளதாளம் இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஆறு மாதம் குவாரண்டைன்! தெற்கு லண்டனில் ஹாக்பிரிட்ஜ் கென்னலுக்கு அனுப்பினார்கள். மூன்றரை வருஷம் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த நாய், சொந்த நாட்டுக்காரர்களிடம் இன்னும் ஆறு மாதம் கைதி. 1946 ஏப்ரல் கடைசியில்தான் விடுதலை. அடுத்த சில நாட்களில், விலங்குகளின் வீரத்துக்குத் தரும் டிக்கின் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள்.

படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்தால், நாலு வருஷம் ஆசியக் காடுகளில் சுற்றிய நாயின் உடம்பில் என்ன இருக்கிறது என்று பதக்கம் சொல்லாது. கிருமிக்கு வீரம் தெரியாது.

ஆறு மாதம் போதுமா?

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். கறாரான அந்த ஆறு மாதமே சில சமயம் போதவில்லை.

1969-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய் ஆறு மாதக் காவலை ஒழுங்காக முடித்தது. வெளியே வந்த சில நாட்களில் கேம்பர்லி என்ற ஊரில் வெறிபிடித்து ஓடி இரண்டு பேரைக் கடித்தது. சோதனையில் ரேபிஸ். சுற்றுவட்டாரக் காடுகளில் நரிகளையும் மற்ற விலங்குகளையும் தேடிக் கொன்றார்கள். அடுத்த வருஷம் நியூமார்க்கெட்டில் இன்னொன்று. பாகிஸ்தானிலிருந்து வந்து, காவல் முடித்து வெளியேறிய நாய்.

ரேபிஸ் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு மெதுவாக நடந்து போகும். பெரும்பாலும் சில வாரம் முதல் சில மாதம். அபூர்வமாக ஆறு மாதத்தையும் தாண்டும். குவாரண்டைன் என்பது வெறும் காத்திருப்பு. நாய்க்குள் என்ன நடக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

இதற்கு அரசாங்கம் கண்ட வழி, பூட்டை இன்னும் இறுக்குவது. விசாரணைக் குழு 1971-ல் அறிக்கை தந்தது, 1974-ல் ரேபிஸ் சட்டம் வந்தது. நாயைக் கடத்தினால் சிறை என்று துறைமுகங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். 1994-ல் கடலடிச் சுரங்க ரயில் திறந்தபோது, பிரெஞ்சு நரி நடந்தே வந்துவிடக் கூடாது என்று வேலியும் மின் தடுப்பும் வைத்தார்கள்!

பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் சுற்றுவழி தேடினார்கள். 1968-ல் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் தங்கள் நாய்களுக்காகவே தேம்ஸ் நதியில் ஒரு சொகுசுப் படகை வாடகைக்கு நிறுத்தினார்கள். நாய்கள் கரையில் கால் வைக்கவில்லை, ஆகவே நாட்டுக்குள் வரவில்லை என்று அர்த்தம். ஹாங்காங்கின் கடைசி கவர்னர் கிறிஸ் பேட்டன் 1997-ல் பதவி முடிந்து கிளம்பியபோது, விஸ்கி, சோடா என்ற அவருடைய நாய்கள் இங்கிலாந்துக்குப் போகாமல் பிரான்சுக்குப் போய்விட்டன. படகு வாங்க முடியாத சாதாரண ஜனங்கள் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டி, வாரக்கடைசியில் கம்பிக்கு வெளியே நின்று தங்கள் நாயைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

காவலிலிருந்து கணக்குக்கு

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1978-ல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டு நரிகளுக்குப் போட்டார்கள். நரி தின்றது, நோய் குறைந்தது. மற்ற நாடுகளும் பின்பற்றின. சுவிட்சர்லாந்து 1999-லும் பிரான்ஸ் 2001-லும் ரேபிஸ் இல்லாத நாடுகளாயின. 1994-ல் ஸ்வீடனும் நார்வேயும் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வரும் நாய்களுக்குக் குவாரண்டைனை எடுத்துவிட்டு, தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும் போதும் என்றன. விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை.

இங்கிலாந்தில் சட்டப் பேராசிரியர் இயன் கென்னடி தலைமையில் குழு அமைத்தார்கள். 1998-ல் அவர் தந்த அறிக்கையின் சாரம்: நாயை அடைத்து வைப்பதைவிட, நாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதை நிரூபிப்பது நல்லது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று புதிய திட்டம் தொடங்கியது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் செல்லப்பிராணி பாஸ்போர்ட் வந்தது. (பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால், அங்கே கொடுத்த பாஸ்போர்ட்டுகள் 2021 முதல் ஐரோப்பாவில் செல்லாமல் போனது தனிக்கதை.)

நான் பி.காம். மாணவன். எனக்கு இந்தத் திட்டத்தைப் பார்த்ததும் எங்கள் ஆடிட்டிங் வகுப்புதான் ஞாபகம் வந்தது. பழைய முறை நாயை நம்பவில்லை, அடைத்தது. புதிய முறை காகிதத்தைக் கேட்கிறது. காகிதத்தை நம்ப வேண்டுமானால் வரிசை முக்கியம்.

முதலில் சிப். தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சின்னக் குழாய், அதில் 15 இலக்க எண். இதுதான் வவுச்சர் நம்பர். நாயின் முகத்தைப் பார்த்து "இது ஜிம்மிதான்" என்று அதிகாரி எப்படிச் சொல்வார்? இரண்டு பழுப்பு நாட்டு நாய்களை நிறுத்தினால் நானே தடுமாறுவேன்.

அடுத்து தடுப்பூசி. ஊசி போடும்போது சிப் எண்ணைப் படித்துச் சான்றிதழில் எழுத வேண்டும். ஜிம்மியின் காகிதத்தில் ஓட்டை விழுந்தது இங்கேதான். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி, வவுச்சர் இல்லாத செலவு மாதிரி. உண்மையாகவே செலவு செய்திருக்கலாம், ஆனால் ஆடிட்டர் ஏற்க மாட்டார். அந்த ஊசி வேறு எந்த நாய்க்கும் போட்டதாக இருக்கலாம் அல்லவா?

மூன்றாவது ரத்தப் பரிசோதனை. ஊசி போட்டு 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ஊசி போட்டேன் என்று டாக்டர் சொல்கிறார், வேலை செய்ததா என்று மூன்றாவது ஆள் சொல்கிறார். சுத்தமான வெளித் தணிக்கை.

நாலாவது, மூன்று மாதக் காத்திருப்பு. ஊசி போடுவதற்கு முன்பே கிருமி உள்ளே போயிருந்தால்? ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி தெரியும், நோயும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். அப்படி இருந்தால் இந்த மூன்று மாதத்தில் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். ரேபிஸ் கட்டுக்குள் இருக்கும் நாடுகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, ஊசிக்குப் பின் 21 நாள் போதும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. உண்மையில் 2012 வரை இந்திய நாய்க்கு இங்கிலாந்தில் அதே பழைய ஆறு மாதக் கென்னல்தான். ஜூடி இருந்த ஆறு மாதம், ஜிம்மிக்கு எங்கள் கூடத்தில் நாலு மாதமாகச் சுருங்கியிருக்கிறது.

கடைசியாக, போய்ச் சேருவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து, பிறகு உடல்நலச் சான்றிதழ். சென்னைக்காரர்களுக்கு நம் நாட்டுப் பக்கத்துச் சான்றிதழ் வேலை பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்கு குவாரண்டைன் நிலையத்தில் நடக்கிறது.

ஒரு குட்டி நாய்

இவ்வளவும் இன்னும் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2008 ஏப்ரலில் இலங்கையிலிருந்து ஒரு தெருநாய்க்குட்டியை, நல்ல மனதோடுதான், காப்பாற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அப்போதைய விதிப்படி குவாரண்டைன் கென்னலில் வைத்தார்கள். சில நாட்களில் குட்டி செத்துப்போனது. ரேபிஸ். அது கடித்தவர்களுக்கு உடனே தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார்கள். அந்தக் குட்டி நேராக ஒரு வீட்டுக்குப் போய், குழந்தைகளோடு விளையாடியிருந்தால்? 1918-ல் நடந்தது 2008-ல் நடக்காமல் போனதற்குக் காரணம் அந்தக் கதவு மூடியிருந்ததுதான்.

இதையெல்லாம் சித்தியிடம் போனில் சொன்னேன். "அப்ப தப்பு டாக்டர் மேலயா, நம்ம மேலயா?" என்றாள். இரண்டு பேர் மேலும்தான். அவர் வரிசை தெரியாமல் செய்தார். நாங்கள் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது போய் நின்றோம். நாயோடு வெளிநாடு போக நினைப்பவர்கள் குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். சிப் முதலில். ஊசி போடும் அன்று சிப்பை ஸ்கேன் செய்து எண்ணை எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கூண்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நாய் உள்ளே நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் வேண்டும். எங்கள் வீட்டில் நாயே பிடிக்காத அப்பா, ஜிம்மியின் சோற்றுத் தட்டைத் தினமும் அந்தக் கூண்டுக்குள் வைத்தார். முதல் வாரம் தலையை மட்டும் நீட்டித் தின்றான். இரண்டாம் மாதம் மதியத் தூக்கமே அதற்குள்தான்.

கிளம்பிய அன்று இரவு, சொல்லாமலேயே தானாகப் போய்க் கூண்டில் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்துத் தம்பி அனுப்பிய படத்தில் ஒரு ஈரமான புல்வெளியில் முழித்துக்கொண்டு நிற்கிறான். அப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "குளிருமேடா அவனுக்கு" என்றார்.

சோற்றுத் தட்டு இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.